பிரேக் தட்டில் வைத்த பொட்டு

மதுரையில் மலை சைக்கிள் வாங்குகிறவர்களில் ஒருவர்கூட மலை ஏறி நான் பார்த்ததில்லை. சிம்மக்கல்லில் வாங்கி செல்லூருக்கு ஓட்டிப் போவார்கள். வழியில் ஏற்றம் என்று ஒன்று உண்டென்றால் அது வைகைப் பாலத்தில் ஏறுகிற இடம்தான். அதற்கு இருபத்தொரு கியர்.

சிரிப்பதற்காக இதை எழுதவில்லை. நீங்கள் சைக்கிள் கடைகளில் ஃபிட்டிங் வேலைக்குப் புதிதாக வந்திருக்கிறீர்கள். போன மாதம் உங்களில் நாலைந்து பேர் என் வீட்டுக்கு வந்தபோது ஒரு கேள்வி கேட்டீர்கள். "விலை கம்மியான மலை வண்டி நல்லதாண்ணே, கெட்டதாண்ணே? கஸ்டமர் கேட்டா என்னன்னு சொல்ல?" அன்றைக்கு வாய்க்கு வந்ததைச் சொல்லி அனுப்பிவிட்டேன். முப்பத்தொரு வருடம் ஒரே கடையில் ஸ்பேனர் பிடித்தவன் சொல்கிற பதில் அது இல்லை. இப்போது சொல்கிறேன். பாதி வண்டியைப் பற்றியது. மீதி என்னைப் பற்றியது. இரண்டையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஃபிரேம் கெட்டியானது. அதை வளைக்க லாரி வேண்டும். டயர் தடிமன். கிராமத்து ரோட்டில் தார் பெயர்ந்து கிடக்கிற குழியில் இறங்கினாலும் ரிம் கோணாது. ஆடி மாதம் மேற்கே இருந்து அடிக்கிற காற்றில் சாதா சைக்கிளை மிதித்தவனுக்குத்தான் கியரின் அருமை தெரியும். அந்த இருபத்தொன்றில் நாலு கியர்தான் உபயோகப்படும். ஆனால் அந்த நாலும் நன்றாகவே உபயோகப்படும். கூலிக்குப் போகிற வீட்டிலும் கொஞ்சம் மூச்சைப் பிடித்தால் வாங்கிவிடலாம். அது சின்ன விஷயம் இல்லை.

கெட்டது இனி. முன்னால் இருக்கிற ஷாக் அப்சார்பருக்குள் ஒரு ஸ்பிரிங்கைத் தவிர வேறு ஒன்றும் கிடையாது. பின்னாலும் ஷாக் வைத்த வண்டி என்றால் மிதிக்கிற பலத்தில் கால்வாசியை அதுவே தின்றுவிடும். வண்டி கனம். மாடியில் குடியிருப்பவன் தினமும் தூக்கி ஏற்றி என்னைத்தான் திட்டுவான். மட்கார்டு இல்லை, ஸ்டாண்டு இல்லை, கேரியர் இல்லை. பேரிங்கில் கிரீஸ் என்பது பேருக்கு. கியர் ஒரு மாதத்தில் இடம் மாறி நிற்கும். பிளாஸ்டிக் பெடல் ஒரு நாள் காலோடு கழன்று வரும்.

இதெல்லாம் உங்களுக்கு ஒரு வாரத்தில் தெரிந்துவிடும். தெரியாதது ஒன்று இருக்கிறது. இந்த வண்டி கடைக்கு வரும்போது வண்டியாக வருவதில்லை. அட்டைப்பெட்டியில் பாதியாக வருகிறது. மீதிப் பாதியை நாம் செய்கிறோம். விலை கூடிய வண்டியில் நாம் சின்னதாகத் தப்பு செய்தால், நல்ல சாமான் அதைக் கொஞ்சம் மறைத்துக் காப்பாற்றிவிடும். இதில் நம் தப்பைத் தாங்குவதற்கு எதுவும் இல்லை. அது அப்படியே ஓட்டுகிறவர் மேல் போய் இறங்கும்.

பாண்டிச்செல்வி மேல் அப்படித்தான் இறங்கியது.

அலங்காநல்லூர் பக்கத்தில் ஒரு ஊர். அப்பா கரும்பும் நெல்லும் போடுகிறவர். மகளைக் கூட்டிக்கொண்டு கடைக்கு வந்தார். அந்தப் பெண் நேராகப் போய் ஒரு கறுப்பு மலை வண்டியைத் தொட்டுக்கொண்டு நின்றது. அப்பாவுக்குப் பிடிக்கவில்லை.

"என்னண்ணே இது, பொம்பளப் பிள்ள ஓட்டுற வண்டியா? முன்னாடி கூடைகூட இல்ல."

"கூடையில என்னத்தப்பா வைக்கப் போறேன்? கத்திரிக்கா விக்கவா போறேன்?"

"பாத்தீகளா வாய? போலீஸ்காரி ஆகப் போறாளாம். எழுத்துப் பரீட்ச பாஸ் பண்ணிட்டா. இனிமே ஓடணுமாம், தாண்டணுமாம், பந்து எறியணுமாம். நாங்கெல்லாம் இவளுக்கு சல்யூட் அடிக்கணும்."

குறையாகத்தான் சொன்னார். முகத்தில் குறை இல்லை. கடையில் நின்ற எல்லோரும் கேட்க வேண்டும் என்று சத்தமாகச் சொன்னார்.

மதுரையில் ஒரு கிரவுண்டில் விடியற்காலையில் பயிற்சி. முதல் பஸ்ஸைப் பிடித்து வந்தால் பாதி பயிற்சி முடிந்துவிடுகிறது. அதனால் சைக்கிள். போக வர முப்பது கிலோமீட்டருக்கு மேல். ஓட்டினால் காலுக்கும் பலம் என்று பயிற்சி கொடுப்பவர் சொல்லியிருக்கிறார். உடல் தகுதித் தேர்வுக்கு இன்னும் ஒரு மாதம்தான் இருந்தது.

நான்தான் அந்த வண்டியையே எடுக்கச் சொன்னேன். அவர்கள் ஊர் ரோடு எனக்குத் தெரியும். "குழி மேடு எல்லாம் தாங்கும், எடுத்துக்க தாயி" என்றேன். அது சரியான யோசனைதான். இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

எங்கள் கடையில் பூஜை போடாமல் புது வண்டியை வெளியே விட மாட்டோம். உங்கள் கடையிலும் அப்படித்தான் இருக்கும். முன் சக்கரத்துக்குக் கீழே எலுமிச்சம்பழம், சூடம், சந்தனம், குங்குமம். பழைய வண்டிகளில் ஹேண்டிலுக்கு ஒரு பொட்டு, மட்கார்டுக்கு ஒரு பொட்டு, செயின் கவருக்கு ஒரு பொட்டு. மலை வண்டியில் மட்கார்டும் இல்லை, செயின் கவரும் இல்லை. கறுப்பு ஃபிரேமில் வைத்தால் பொட்டு எடுப்பாகத் தெரியாது. பளிச்சென்று இருப்பது இரண்டு சக்கரத்திலும் இருக்கிற டிஸ்க் பிரேக்கின் எஃகுத் தட்டுதான். வட்டமாக, பூஜைத் தட்டு மாதிரியே மினுமினு என்று இருக்கும். கை தானாக அங்கே போகும். ஆனால் வழவழப்பான எஃகில் குங்குமம் ஒட்டாது, உதிரும். அதனால் கட்டை விரலைத் தேங்காய் எண்ணெயில் தொட்டு, பிறகு குங்குமத்தில் தொட்டு வைப்பேன். சும்மா கச்சிதமாக நிற்கும்.

இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. நானே கண்டுபிடித்தேன். கஸ்டமர்கள் போட்டோ எடுத்தார்கள். முதலாளிக்கும் பிடித்திருந்தது. எனக்கும் பெருமையாக இருந்தது.

பாண்டிச்செல்வியின் வண்டிக்கும் வைத்தேன். முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. அவள் அப்பா சூடத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

அதே நாள் மத்தியானம், அதே மாதிரி வண்டியை ஒரு மிஷன் பள்ளிக்கூடத்து கிளார்க் வாங்கினார். சர்க்கரை வியாதிக்காக டாக்டர் சைக்கிள் ஓட்டச் சொல்லியிருந்தாராம். "பொட்டு வேணாம்ணே, நான் ஒரு ஜெபம் பண்ணிக்கிறேன்" என்று ஹேண்டிலைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடி நின்றார். அவரை ஏன் சொல்கிறேன் என்பது பிறகு தெரியும்.

எட்டு நாள் கழித்து, ஆயுத பூஜைக்கு முந்தின நாள் சாயங்காலம், பாண்டிச்செல்வி திரும்பி வந்தாள். சைக்கிள் கடையில் அன்றைக்குக் கால் வைக்க இடம் இருக்காது. துடைக்க வேண்டிய வண்டிகள் வாசல் வரை நின்றன. ஆளாளுக்கு அண்ணே அண்ணே என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"அண்ணே, பிரேக்கு கத்துதுண்ணே. கன்னுக்குட்டி மாதிரி கத்துது. ஊரே திரும்பிப் பாக்குது."

"போலீஸ் வண்டின்னா சைரன் இருக்கும்ல தாயி."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவளும் சிரித்துவிட்டாள்.

"வெளையாடாதீங்கண்ணே. கத்துறதுகூடப் பரவால்ல. நிக்க மாட்டேங்குது. வழுக்கிட்டே போயித்தான் நிக்குது."

வண்டியைத் தூக்கிப் பார்த்தேன். இரண்டு பிரேக் கேபிளையும் இழுத்துக் கட்டினேன். லிவர் கல் மாதிரி ஆனது. "இப்பப் புடிச்சுப் பாரு" என்றேன்.

"கையில டைட்டாத்தான் இருக்கு. நீங்க ஒரு தடவ தெருவுல ஓட்டிப் பாருங்களேன்."

"இந்தக் கைலியோட இதுல ஏறுனா மானம் போயிரும் தாயி. புதுசுல அப்படித்தான் இருக்கும். பத்து நாள் ஓட்டு, பேடு பதிஞ்சிரும். சத்தமும் போயிரும், வண்டியும் நிக்கும்."

நான் சொன்னது முழுப் பொய் இல்லை. டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கிற பேடு புதிதில் சரியாகப் பதியாது. கொஞ்ச நாள் ஓடினால் பதியும். பாதி தெரிந்தவன் சொல்கிற பதில் இப்படித்தான் இருக்கும், கேட்பதற்கு நன்றாக இருக்கும். லிவர் இறுக்கமாக இருந்தால் பிரேக் பிடிக்கிறது என்று அர்த்தம் இல்லை. பேடு தட்டைத் தொடுகிறது, அவ்வளவுதான் அர்த்தம். வண்டி நிற்கிறதா என்பது ஓட்டிப் பார்த்தால்தான் தெரியும். தெருமுனை வரை போய்த் திரும்ப இரண்டு நிமிடம் ஆகும். அவள் கேட்டாள். நான் போகவில்லை. எனக்குக் கூட்டம் இருந்தது.

ஒன்றை உறைக்கிற மாதிரி சொல்கிறேன். வண்டி ஓட்டுகிறவர் "நிக்க மாட்டேங்குது" என்று சொன்னால், அந்த நேரத்தில் கடையில் கலெக்டரே நின்றாலும் அவரை ஓரமாக உட்காரச் சொல்லுங்கள். கியர் விழவில்லை என்பவரை நாளைக்கு வரச் சொல்லலாம். பிரேக் பிடிக்கவில்லை என்பவரை அனுப்பக் கூடாது. வண்டியைப் பிடுங்கி வைத்துக்கொண்டு பஸ்ஸில் போகச் சொல்லுங்கள். திட்டினால் திட்டட்டும்.

நாலாம் நாள் அவள் விழுந்தாள்.

அவர்கள் ஊரிலிருந்து வருகிற வழியில் பெரியாறு கால்வாய்ப் பாலம் ஒன்று இருக்கிறது. மேடாக ஏறி இறங்கும். அவள் இறங்கும்போது வயலுக்குள்ளிருந்து கரும்பு ஏற்றிய டிராக்டர் ரோட்டுக்கு வந்தது. இரண்டு பிரேக்கையும் பிடித்திருக்கிறாள். கத்தியிருக்கிறது, நிற்கவில்லை. டிராக்டர் சக்கரத்துக்குள் போகாமல் ஹேண்டிலை ஒடித்துத் திருப்பி, பாலத்துக் கட்டைச்சுவரில் மோதிப் பள்ளத்தில் விழுந்தாள். காறை எலும்பு உடைந்தது. அது சேர்ந்துவிடும். முழங்கால் ஜவ்வு கிழிந்துவிட்டது. தேர்வுக்கு இன்னும் இரண்டு வாரம்தான்.

மறுநாள் அவள் அப்பா வண்டியைக் குட்டியானை வேனில் ஏற்றிக் கொண்டுவந்து போட்டார். "சரி பண்ணி வித்துக் குடுத்துருங்கண்ணே. இந்தச் சனியன் இனிமே வீட்டுல இருக்கக் கூடாது" என்றார். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. தூங்கவில்லை போல.

முன் சக்கரம் கோணலாகிக் கிடந்தது. பின் சக்கரம் நன்றாக இருந்தது. அதைச் சுற்றிவிட்டு லிவரை முழுசாக அழுத்தினேன். சக்கரம் முனகிக்கொண்டே சுற்றியது. நிற்கவில்லை. பேடைக் கழற்றினேன். சொரசொரப்பாக, சாம்பல் நிறத்தில் இருக்க வேண்டிய பேடு கறுத்து, எண்ணெய்ச் சட்டி மாதிரி மினுங்கியது. டிஸ்க் தட்டில் வரிசையாக ஓட்டைகள் இருக்கும் அல்லவா? அந்த ஓட்டைகளின் விளிம்பில் செம்மண் மாதிரி ஏதோ அப்பியிருந்தது. நகத்தால் சுரண்டி மோந்து பார்த்தேன். தேங்காய் எண்ணெய் வாசனை.

அப்போதுகூட நான் நம்பவில்லை. நம்ப விரும்பவில்லை என்று சொல்ல வேண்டும். ஒரு சொட்டு எண்ணெய் இவ்வளவு செய்யுமா என்று எனக்கு நானே வாதாடினேன். சாயங்காலம் அந்த கிளார்க், ஹேண்டில் லேசாக ஆடுகிறது என்று வண்டியைக் கொண்டுவந்தார். அதே மாதிரி வண்டி, அதே நாள் விற்றது, அதே கை பூட்டியது. இந்தத் தடவை கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏறி, தெருவில் வேகமாகப் போய் முன் பிரேக்கைத் தொட்டேன். வண்டி கவ்விக்கொண்டு நின்றது. நான் ஹேண்டிலைத் தாண்டி விழப் பார்த்தேன். இரண்டு வண்டிக்கும் வித்தியாசம் என் கட்டை விரல் மட்டும்தான்.

பேடு பஞ்சு மாதிரி. எண்ணெயைக் குடித்தால் விடாது. முதல் தடவை பிரேக் பிடித்தபோதே தட்டில் இருந்த பொட்டு வட்டம் முழுக்க இழுபட்டு, பேடுக்குள் ஏறிவிட்டது. அதற்குப் பிறகு துடைத்தும் பிரயோசனம் இல்லை. தட்டை ஸ்பிரிட் போட்டுத் துடைத்து, பேடைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதுசு மாட்ட வேண்டும். நான் கேபிளை இறுக்கினேன்.

முதலாளியிடம் போனேன். என்னைவிட வயதில் சின்னவர். அவர் அப்பா காலத்திலிருந்து நான் அங்கே இருந்தேன்.

"மொதலாளி, அந்தப் பிள்ள விழுந்ததுக்குத் தப்பு நம்மகிட்ட இருக்கு."

"என்ன தப்பு?"

"தட்டுல நான் வச்ச பொட்டு. எண்ணெ பேடுல ஏறிருச்சு."

அவர் முதலில் சாமி படத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "சாமி காரியத்தக் குத்தம் சொல்லாதீங்கண்ணே."

"சாமி படத்துக்கு வச்ச பொட்டால யாரும் விழல மொதலாளி. நான் பிரேக்குல வச்சேன்."

"சரி, வச்சீங்க. வெளிய சொன்னா என்னாகும்? இதுவரைக்கும் வித்த அம்புட்டு வண்டியும் வாசல்ல வந்து நிக்கும். போலீசு, கோர்ட்டுன்னு அலையப் போறது யாரு?"

"அந்த வண்டிகள ஓட்டிட்டுத் திரியுறாகளே. இன்னொரு ஆளு விழுந்தா?"

 முதலாளி கெட்ட மனிதர் இல்லை. பயந்த மனிதர். கடைசியில் சொன்னார். "பண்டிகைச் சலுகை, இலவச சர்வீசுன்னு எல்லாருக்கும் போன் போடுவோம். வாரவங்க வண்டிக்கெல்லாம் பேட மாத்திருங்க. ஏன்னு மட்டும் யாருகிட்டயும் சொல்லக் கூடாது. அந்தப் பிள்ள வீட்டுலயும்."

நான் சரி என்றேன். கொஞ்சம் கெட்டிக்காரத்தனமாகக்கூட இருந்தது எனக்கு. ஆபத்தும் போய்விடும், கடை பேரும் கெடாது, என் வேலையும் இருக்கும். ஒரே ஒரு பெண்ணிடம் ஒரே ஒரு உண்மையைச் சொல்லாமல் விட வேண்டும். அது பெரிய விலையாகத் தெரியவில்லை, கொடுக்கப் போவது நான் இல்லை என்பதால்.

இரண்டு நாள் கழித்து முதலாளி வாங்கிக் கொடுத்த ஆப்பிளையும் ஹார்லிக்ஸையும் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். அவளுக்குத் தோளில் கட்டு, முழங்காலில் கட்டு. அவள் அம்மா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். அப்பா நின்றுகொண்டு திட்டிக்கொண்டிருந்தார். ரொம்ப நேரமாகத் திட்டியிருக்க வேண்டும், தொண்டை கம்மியிருந்தது.

"கண்ணு மண்ணு தெரியாம வந்தா இப்படித்தான் ஆகும். பொம்பளப் பிள்ளைக்கு இம்புட்டு வேகம் எதுக்கு? டிராக்டர்காரன் சொல்றான்ல, ராக்கெட்டு மாதிரி வந்துச்சுன்னு."

"வேகமா வரலப்பா. பிரேக்கு பிடிக்கல. எத்தன தடவ சொல்றது? கடைக்குப் போய்க்கூடச் சொன்னேன்."

"சும்மா பிரேக்கு பிரேக்குன்னு சொல்லாத. புது வண்டி." என் பக்கம் திரும்பினார். "இந்தா, கடைக்கார அண்ணனே வந்துருக்காரு. நீங்களே சொல்லுங்கண்ணே. பிரேக்கு நல்லாத்தானே இருந்துச்சு?"

அவளும் என்னைப் பார்த்தாள். சந்தேகமே இல்லாமல் பார்த்தாள். நான் உண்மையைச் சொல்லுவேன் என்று அவளுக்கு உறுதியாக இருந்தது. அவள்தான் கடையில் அத்தனை பேர் முன்னால் என்னிடம் சொன்னாளே.

"பாத்துத்தான் குடுத்தேன்" என்றேன்.

அவ்வளவுதான் சொன்னேன். நல்லா இருந்தது என்றுகூடச் சொல்லவில்லை. பொய் சொல்லவில்லை என்று பஸ்ஸில் வரும்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வார்த்தையைப் பார்த்துப் பொறுக்கினால் பொய் பொய்யில்லாமல் போய்விடும் என்று நினைக்கிற ஆளாக நான் இருந்திருக்கிறேன்.

 அவள் சுவர்ப் பக்கம் திரும்ப முயன்றாள். தோளில் கட்டு இருந்ததால் உடம்பு திரும்பவில்லை. முகத்தை மட்டும் திருப்பிக்கொண்டாள்.

இலவச சர்வீஸ் நடந்தது. நிறைய வண்டிகள் வந்தன. எல்லாவற்றிலும் பேடை மாற்றினேன். தட்டைத் துடைத்தேன். ஒவ்வொன்றையும் ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் கொடுத்தேன். "சத்தமே இல்லண்ணே, சூப்பர் சர்வீசு" என்று பாராட்டினார்கள். சிலர் போனை எடுக்கவில்லை, சிலருக்கு நம்பர் மாறியிருந்தது. அந்த வண்டிகள் என்ன ஆயின என்று எனக்குத் தெரியாது. காரணத்தைச் சொல்லி ஒரு போர்டு எழுதி வாசலில் வைத்திருந்தால், ஒருவர் சொல்லி ஒருவருக்காவது சேதி போயிருக்கும். சலுகை என்று சொன்னால், தேவையில்லாதவன் வர மாட்டான். பிரேக் பிடிக்காது என்று சொல்லியிருந்தால் ஓடி வந்திருப்பான்.

கடையில் தட்டில் பொட்டு வைப்பதை நிறுத்தினேன். ஹேண்டிலில் மட்டும் வைத்தேன். ஏன் என்று யாரும் கேட்கவில்லை.

பாண்டிச்செல்வி தேர்வுக்குப் போக முடியவில்லை. தேதியைத் தள்ளிக் கொடுக்கச் சொல்லி மனு எழுதிப் பார்த்தார்களாம், நடக்கவில்லை. இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியும். முழங்காலுக்கு ஆபரேஷன் செய்து ஒரு வருடம் ஒழுங்காகப் பயிற்சி செய்தால் பழையபடி ஓடலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். இன்னும் ஒரு தேர்வு எழுத வயதும் இருந்தது. வயது இடம் கொடுத்தது, டாக்டர் இடம் கொடுத்தார், அப்பா கொடுக்கவில்லை. நிதானம் இல்லாத பிள்ளை, சொன்ன பேச்சு கேட்காத பிள்ளை, தப்பை வண்டி மேல் போடுகிற பிள்ளை என்று அவர் முடிவு செய்துவிட்டார். அதற்குச் சாட்சி நான்.

ஐந்து மாதம் கழித்து அவர் கடைக்கு வந்தார். கையில் மஞ்சள் தடவிய பத்திரிகை.

"மகளுக்குக் கல்யாணம்ணே. மொதலாளியோட நீங்களும் வந்துரணும். வண்டிய நல்ல வெலைக்குத் தள்ளிவிட்டுக் குடுத்தீங்க, ஆஸ்பத்திரிக்கு வந்து பாத்தீங்க. அதெல்லாம் மறக்க மாட்டேன்."

நான் பத்திரிகையை வாங்கிக்கொண்டேன். அவர் என் கையைப் பிடித்து நன்றி சொன்னார். நான் அதையும் வாங்கிக்கொண்டேன்.  அடுத்த ஞாயிற்றுக்கிழமை, முதலாளியிடம் சொல்லாமல், பஸ் ஏறி அவர்கள் ஊருக்குப் போனேன்.

வீட்டில் எல்லோரும் இருந்தார்கள். உட்காரச் சொன்னார்கள், உட்காரவில்லை. நின்றுகொண்டே முழுவதையும் சொன்னேன். பொட்டு, எண்ணெய், அவள் வந்து சொன்னது, நான் ஓட்டிப் பார்க்காதது, பேடைக் கழற்றிப் பார்த்தது, முதலாளி சொன்னது, ஆஸ்பத்திரியில் நான் சொன்னது. அடிப்பார் என்றுதான் நினைத்துப் போனேன்.

அவர் அடிக்கவில்லை. ரொம்ப மெதுவாகக் கேட்டார்.

"அப்ப எம்பிள்ள சொன்னது நெசமா?"

"நெசம்."

"அவ வேகமா வரலையா?"

"எம்புட்டு மெதுவா வந்திருந்தாலும் அந்த எறக்கத்துல நின்னுருக்காது."

தரையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "பத்திரிக்க பாதி குடுத்தாச்சு. மாப்ள வீட்டுல மண்டபம் பிடிச்சாச்சு. இப்ப வந்து சொல்றீகளே. நான் இப்ப என்ன செய்ய?"

 அவள் அம்மா உள்ளே போய்விட்டார். பாண்டிச்செல்வி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஒரு காலை லேசாகச் சாய்த்துத்தான் நின்றாள். அழவில்லை. அப்பாவைப் பார்க்கவும் இல்லை.

"அஞ்சு மாசமா நான் சொன்னதையேதான் இவரு இப்ப வந்து சொல்றாரு. இவரு சொன்னதும் நம்பிட்டீங்களேப்பா" என்றாள்.

அப்பா நிமிரவில்லை. நான் கிளம்பினேன். வாசலில் செருப்பை மாட்டும்போது அவள் வெளியே வந்தாள்.

"அண்ணே, நான் மட்டும் போலீஸ் ஆயிருந்தேன்னா மொதக் கேசு உங்க மேலதான் போட்டிருப்பேன்."

"போடணும் தாயி. நான் வச்ச பொட்டுதான்."

"அதுக்கு இல்லண்ணே. அது தெரியாமப் பண்ணது. ஆஸ்பத்திரில எங்கப்பா கேட்டப்ப நீங்க சொன்னீங்கல்ல, அதுக்கு."

சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். குறித்த தேதியில் கல்யாணம் நடந்தது. நான் போகவில்லை. அந்த வருடமே வேலையை விட்டு நின்றுவிட்டேன். முதலாளி நிறுத்தவில்லை, நானாகத்தான் நின்றேன். அதனால் ஒன்றும் சரியாகிவிடவில்லை.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். விலை குறைந்த மலை வண்டி நல்ல வண்டி, ஒழுங்காகப் பூட்டிக் கொடுத்தால். தட்டில் எண்ணெய், பொட்டு, பாலிஷ், எதுவும் படக் கூடாது. ஓட்டிப் பார்க்காமல் ஒரு வண்டியும் வெளியே போகக் கூடாது. இதைச் செய்தாலும் உங்கள் கை ஒரு நாள் தப்பு செய்யும். என் கை செய்தது, உங்கள் கையும் செய்யும். அன்றைக்கு ஒரு அப்பா உங்களைப் பார்த்து, பிரேக் நன்றாகத்தானே இருந்தது என்று கேட்பார். பக்கத்தில் ஒரு பிள்ளை உங்கள் வாயையே பார்த்துக்கொண்டு படுத்திருக்கும். இல்லை என்று சொல்லுங்கள். அந்த இடத்திலேயே, அந்த நிமிடமே சொல்லுங்கள். வேலை போகும். போகட்டும்.